கோமாலில் கருகிய தக்காளி

தக்காளி, பச்சை மிளகாய், பூண்டு மூன்றையும் தோல் கருகும்வரை சுட்டு அரைக்கும் மெக்சிகோவின் சல்சா, ஸ்பானியர் கொடுத்த கொடை என்று சொல்பவர்கள் உண்டு. பெயர் ஸ்பானியப் பெயர்தான். 'உப்பிட்டது' என்னும் லத்தீன் சொல்லில் பிறந்தது. வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கப்பலில் வந்தவையே. ஆனால் அடுப்பங்கரைக்குள் போய்ப் பாருங்கள். சுடுகிற தட்டு கோமால், அரைக்கிற மூன்று கால் எரிமலைக்கல் உரல் மோல்காஹேத்தே. இரண்டும் அஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழிச் சொற்கள். டொமேட்டோ, சில்லி என்ற பெயர்களின் வேரும் அதுவே. 16ஆம் நூற்றாண்டில் சகாகுன் என்ற துறவி உள்ளூர் மக்களைக் கொண்டு தொகுத்த புளோரன்ஸ் சுவடி, தக்காளி, பூசணி விதை, புகையூட்டிய மிளகாய் சேர்ந்த குழம்புவகைகளைச் சந்தையில் விற்றவர்களைப் பற்றிப் பேசுகிறது.

புகையூட்டிய மிளகாய் வேறு, சுட்ட தக்காளி வேறு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குப் பெரிய சான்றாகப் படுவது செய்முறைதான். மக்காச்சோள ரொட்டிக்காக மண் கோமால் எப்படியும் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும். அதன் ஓரத்தில் தக்காளியை உருட்டிவிடத் தனி விறகு வேண்டாம். தோல் கரும்புள்ளியிட்டு வெடிக்கும், நீர் சுண்டும், புளிப்புக்குள்ளிருந்து இனிப்பு எழும். பின்னால் வந்த பூண்டையும் தோலோடு அதே கோமாலில்தான் போட்டார்கள். காரம் தணிந்து வெண்ணெயாய்க் குழைந்தது. வந்த பொருள் பழைய முறைக்குப் பணிந்ததே தவிர, முறை மாறவில்லை.