கிரில் ஆயில் கேப்ஸ்யூல்... திமிங்கிலத்தின் சாப்பாடு நம் மாத்திரை டப்பாவுக்கு வந்தது எப்படி?

ஒமேகா-3 மாத்திரையை ஆன்லைன்ல தேடினா, மீன் எண்ணெய்க்குப் பக்கத்துலயே சிவப்பா ஒரு கேப்ஸ்யூல் வரும். பேரு கிரில் ஆயில். விலையும் கூடுதல். 'அப்படி என்ன விசேஷம்?'னு யோசிக்கிறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

கிரில்னா என்ன?

காரைக்கால் பக்கம் மண்டபத்தூர் மாதிரி கடலோர ஊர்க்காரங்களுக்குச் சென்னாக்குன்னி தெரிஞ்சிருக்கும். கிரிலும் பார்க்க ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால், இனம் வேறு. அன்டார்டிகா கிரில் 6 செ.மீ. வரை வளரும், எடை 2 கிராம் அளவுதான். பெருங்கூட்டமாக வாழும் இதை நம்பித்தான் திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாமே இருக்கின்றன.

யார் பிடிக்கிறாங்க?

அதிகம் பிடிப்பது நார்வே. சீனா, தென் கொரியா, சிலி, உக்ரைன் கப்பல்களும் போகின்றன. இந்தத் தொழிலில் பிரபலமான பெயர், நார்வேயின் அக்கர் பயோமரைன். வலையைக் கடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, குழாய் வழியாகக் கிரிலைத் தொடர்ந்து கப்பலுக்கு இழுப்பது இவர்கள் கொண்டுவந்த முறை. செத்த கிரில் சீக்கிரமே கெட்டுவிடும் என்பதால் கப்பலிலேயே மாவாக்கிவிடுகிறார்கள். பிடிப்பு, தீவனப் பிரிவை 2024-ல் விற்றுவிட்ட இந்த நிறுவனம், இப்போது கிரில் எண்ணெய் போன்ற சத்துப்பொருள்களில் கவனம் செலுத்துகிறது.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. பிடிபடும் கிரிலில் பெரும்பங்கு மனுஷங்களுக்கு வருவதில்லை. சால்மன், இறால் பண்ணைத் தீவனம், நாய், பூனை உணவு என்றுதான் போகிறது.

நாமும் போனோம்!

கிரிலை ஆராய 1995-96-ல் இந்தியாவும் 'சாகர் சம்பதா' கப்பலை அன்டார்டிகாவுக்கு அனுப்பியது. அன்டார்டிகா கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு ஆணையத்திலும் இந்தியா உறுப்பு நாடு.

பிரச்னை எங்கே?

அன்டார்டிகாவின் அட்லான்டிக் பக்கத்தில் ஒரு சீசனுக்கு 6.2 லட்சம் டன் வரைதான் பிடிக்கலாம். அங்குள்ள கிரில் சுமார் 6 கோடி டன் என்பது 2019 கணக்கெடுப்பு. 'ஒரு சதவிகிதம்தானே!' என்கின்றன நிறுவனங்கள். கணக்கு சரிதான். ஆனால், கிரில் அடர்ந்திருக்கும் இடத்துக்குத்தான் திமிங்கிலமும் வரும், கப்பலும் வரும். வலையில் சிக்கித் திமிங்கிலங்கள் இறந்ததும் உண்டு.

அதனால்தான் அந்த 6.2 லட்சம் டன்னை நான்கு பகுதிகளுக்குப் பிரித்து வைத்திருந்தார்கள். உறுப்பு நாடுகள் உடன்படாததால் 2024-ல் அந்த விதி காலாவதியானது. அடுத்த சீசனிலேயே முதல்முறையாக மொத்த அளவும் எட்டப்பட்டு, 2025 ஆகஸ்ட்டில் பிடிப்பு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே, ஏன்? எவ்வளவு பிடிக்கிறோம் என்பதோடு எப்போது, எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். அன்டார்டிகாவுக்கும் அதே நியாயம்தான்.

சரி, வாங்கலாமா?

* 'கிரில் ஆயில் 500 மி.கி.' என்றால் ஒமேகா-3 500 மி.கி. என்று அர்த்தமில்லை. லேபிளில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. எவ்வளவு என்று தனியாகப் பாருங்க.
* இறால், நண்டு அலர்ஜி இருக்கா? கிரில் பக்கமே போகாதீங்க.
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது.
* மீன் சாப்பிடுபவரா? அதே இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. மத்தியிலும் அயிலையிலும் தாராளமாக இருக்கிறது. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தாலே போதும். பெரும்பாலானவர்களுக்குக் கேப்ஸ்யூல் தேவைப்படாது.

அன்டார்டிகா திமிங்கிலத்துக்குக் கிரிலை விட்டால் வேறு வழியில்லை. நமக்கு மீன் மார்க்கெட் இருக்கு!