சூலியா ஸ்ட்ரீட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர்



2021-ல் கோவிட் நேரம். தைப்பூசத்துக்கு ரதம் வரலை, தண்ணீர்மலைக்குக் காவடி போகலை. அதை நினைச்சு இன்னமும் வருத்தப்படுறவங்க நம்ம கோயிலில் இருக்காங்க. வருத்தம் நியாயம்தான். ஆனா நம்ம பினாங்குக்காரர் ஒருவர் இதைவிடக் கஷ்டமான முடிவை 1911-லேயே எடுத்திருக்கார். பலருக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

டாக்டர் வூ லியன் தே. 1879-ல் இங்கே பிறந்தவர். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய் டாக்டரானார். திரும்பி வந்து, நாம தினமும் நடக்கிற சூலியா ஸ்ட்ரீட்டில்தான் கிளினிக் வைத்திருந்தார். அபினுக்கு எதிராகப் பேசி இங்கே பகை சம்பாதிச்சது தனிக்கதை. 1908-ல் சீனாவுக்குப் போனார்.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவில் பிளேக். சீன அரசாங்கம் அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. அப்போ வயசு 31. எலியால் பரவுது என்றுதான் எல்லாரும் நம்பினாங்க. இவர் ஒரு பிரேதத்தை அறுத்துப் பார்த்து, இது நுரையீரல் பிளேக், மூச்சு வழியாகப் பரவுது என்று சொன்னார். பஞ்சும் மெல்லிய துணியும் வைத்து முகக்கவசம் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பெரிய பிரெஞ்சு டாக்டர் இதை ஏத்துக்கலை, கவசம் போடாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரே பிளேக்கில் இறந்துபோனார். அதுக்கப்புறம்தான் ஊரே கவசம் கட்டியது.

ஊரை நாலு பகுதியாகப் பிரித்தார். ரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, நோயாளிகளோடு பழகினவங்களை அதில் தனியாக வைத்தார். ஃபேக்டரியில் எங்கே கோளாறுன்னு தெரிஞ்சா முதலில் லைனை நிறுத்தணும், அப்புறம்தான் மத்த பேச்சு. நான் பார்க்கிற வேலையும் அதுதான், அதனால இது எனக்கு நல்லாப் புரியுது.

ஆனா பெரிய சோதனை இடுகாட்டில் இருந்தது. குளிரில் மண் கல்லாக உறைந்துபோய் குழி வெட்ட முடியலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதங்கள் புதைக்காமல் கிடந்தன. எரிப்பது ஒண்ணுதான் வழி. நமக்கு அது சாதாரணமாத் தெரியும், தகனம் நம்ம வழக்கம். சீனர்களுக்கோ மூதாதையர் உடம்பு மண்ணுக்குள் முழுசாப் போகணும். அவரும் அந்த இனத்துப் பிள்ளைதானே! அதிகாரிகளை அழைத்துப் போய் நேரில் காட்டினார், பேரரசரிடம் அனுமதி கேட்டார். உத்தரவு வந்ததும் 1911 ஜனவரி 31-ல் தீ வைத்தாங்க. முந்தின நாள்தான் சீனப் புத்தாண்டு.

அதற்குப் பிறகு சாவு குறைஞ்சுகிட்டே வந்து, மார்ச் 1-ல் ஹார்பினில் நின்றே போச்சு. அதுக்குள்ள மஞ்சூரியா பக்கம் மொத்தமா சுமார் 60,000 பேர் போயிட்டாங்க. ஏப்ரலில் முக்டெனில் பல நாட்டு டாக்டர்கள் கூடிய மாநாட்டுக்கு இவர்தான் தலைவர். 1935-ல் நோபல் பரிசுக்கும் இவர் பேர் போனது.

கடைசிக் காலத்தில் பினாங்குக்கே திரும்பி வந்தார். 1960 ஜனவரியில் இங்கேதான் காலமானார்.