பட்டாளத்துத் தாத்தாவும் எஸ்.ஓ.எஸ்.ஸும்

எங்க அப்பத்தாவோட அப்பாவை சூலக்கரைல 'பட்டாளத்தார்'னு சொன்னாத்தான் தெரியும். இரண்டாம் உலகப்போர்ல வெள்ளைக்காரன் பட்டாளத்துல லாரி ஓட்டினவர். ஆனா பென்ஷன் கிடையாது. அதுக்கு ஊர்ல ஒரு காரணம் சொல்லுவாங்க: "ஏதோ தப்பு பண்ணிட்டாரு, பேரை அடிச்சு விரட்டிட்டாங்க."

ஆதாரம்? அவரோட சர்வீஸ் தாள்ல நாலு இடத்துல இருக்குற எஸ்.ஓ.எஸ். விரிச்சா 'ஸ்ட்ரக் ஆஃப் ஸ்ட்ரெங்த்'. இங்கிலீஷ் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் எப்பவோ 'பேரை அடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்தப் பேச்சு வந்தாலே எண்பது தாண்டின அப்பத்தா எழுந்து உள்ள போயிரும்.

சரி, மேட்டருக்கு வருவோம். தாளை ஸ்கேன் பண்ணி வச்சுக்கிட்டு உக்காந்தேன். நாம லாக் ஃபைல் படிக்கிற அதே வேலைதான் மக்களே. ஒரு வரியைத் தனியா எடுத்தா ஒண்ணும் புரியாது. முன்னாடி பின்னாடி சேர்த்துப் படிக்கணும். எந்தக் கட்டத்துல இருக்குன்னும் பார்க்கணும். தேதிக் கட்டத்துல 'செப்' இருந்தா செப்டம்பர். பதவிக் கட்டத்துல இருந்தா சிப்பாய். எம்.டி. டாக்டர் பட்டம் இல்லீங்க, மெக்கானிக்கல் டிரான்ஸ்போர்ட். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.ன்னா ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது படைக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டு போய்ச் சேர்க்குற பிரிவு. அடுத்து ஜி.பி.டி. நீங்க நினைக்கிற ஜி.பி.டி. இல்ல :-) ஜெனரல் பர்ப்பஸ் டிரான்ஸ்போர்ட், லாரிக் கம்பெனி. மத்தவங்க தாள்ல ஐ.பி.சி.ன்னு பார்த்தா பயந்துராதீங்க. அது தண்டனைச் சட்டம் இல்ல, ரோடு போட்டு மூட்டை இறக்கின இந்தியன் பயனியர் கோர்.

விலாசத்துல ராம்நாட் ஜில்லா, சாத்தூர் தாலுகான்னு இருக்கு. விருதுநகர் தனி மாவட்டம் ஆனதே 1985லதான்.

இப்ப எஸ்.ஓ.எஸ். இங்க 'ஸ்ட்ரெங்த்'னா பலம் இல்ல, யூனிட்டோட ஆள் கணக்கு. ஒவ்வொரு எஸ்.ஓ.எஸ்.ஸுக்கும் கீழ, அடுத்த யூனிட் பேரோட ஒரு டி.ஓ.எஸ்., அதாவது 'டேக்கன் ஆன் ஸ்ட்ரெங்த்' இருக்கு. ஒரு ஸ்கூல்ல டி.சி. வாங்கி இன்னொரு ஸ்கூல்ல சேர்ற மாதிரிதான். கடைசி எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு மட்டும் ஜோடி இல்ல. தேதி 1946, பக்கத்துல 'ரிலீஸ்'. குணம்ங்கிற இடத்துல 'எக்ஸெம்ப்ளரி'ன்னு எழுதியிருக்கு. முன்மாதிரியானவர்னு அர்த்தம்!

அப்ப பென்ஷன்? சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருஷ சர்வீஸ் வேணும். போருக்காக இந்தியப் படையில சேர்ந்தவங்களால எண்ணிக்கை 25 லட்சத்தைத் தொட்டுச்சு. போர் முடிஞ்சதும் பெரும்பாலானவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தாத்தா சேர்ந்தது 1942ல. வெறும் நாலு வருஷம். கணக்கு அவ்வளவுதான்.

அப்பத்தாகிட்ட ஒவ்வொரு வரியா விளக்கினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "இதைப் படிச்சுச் சொல்ல இத்தனை வருசமாச்சாக்கும்" அப்படின்னுச்சு.

இன்னொரு வார்த்தை பாக்கி இருக்கு: பைஃபோர்ஸ். பெர்சியாவும் ஈராக்கும் சேர்ந்த படைத்தளம். "ரஷ்யாக்காரனுக்குச் சாமான் ஏத்துனேன்"னு தாத்தா சொல்லுவாராம். பர்மாவுக்குப் போனவங்க இருந்த ஊர்ல இதைக் கேட்டுச் சிரிச்சிருக்காங்க. ஆனா விஷயம் உண்மை. 1941ல ஜெர்மனி சோவியத்து மேல பாய்ஞ்சதும், அதே வருஷம் ஆகஸ்ட்ல பிரிட்டனும் சோவியத்தும் ஈரானுக்குள்ள நுழைஞ்சாங்க. அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பின சரக்குல ஏறக்குறைய கால்வாசி பாரசீக வளைகுடா வழியாத்தான் போச்சு. அதைக் கொண்டு போனதுல தாத்தாவோட ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. லாரிகளும் உண்டு. அந்த வேலைக்காக 1944ல சுபேதார் நாராயண் ராவ் நிக்கம், ஹவில்தார் கஜேந்திர சிங் ரெண்டு பேருக்கும் சோவியத் அரசு 'செந்நட்சத்திர' விருது கொடுத்துச்சு.

நம்ம பக்கத்து ஆளுங்க நிறையப் பேர் துப்பாக்கி தூக்கின பிரிவுல இல்ல. லாரி, பாலம், ரோடு, ஒர்க்‌ஷாப்னு இருந்தாங்க. அதனாலயே அவங்க வேலை கதையா நிக்கல, ரெண்டு மூணு எழுத்தா நின்னு போச்சு. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலயும் இப்படி ஒரு தாள் மடிஞ்சு கிடக்கலாம். மடிப்பு கிழியறதுக்குள்ள ஸ்கேன் பண்ணிருங்க. எஸ்.ஓ.எஸ். வந்தா பதறாம அடுத்த வரியில டி.ஓ.எஸ். இருக்கான்னு பாருங்க. படிச்சுச் சொன்னா கேட்க இன்னும் ஆள் இருக்கும்போதே படிச்சிருங்க.