பிழையும் திருத்தமும்: பைத்தான் சொல்லும் பாடம்



கணினிக்கு வேலை சொல்ல மனிதன் உண்டாக்கிய மொழிகள் பல. அவற்றுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கீடோ வான் ரோசம் என்பவர் 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது இதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் உலகத்தாருக்கு வெளியிட்டார். இதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், பிழை கண்டால் சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். இதையே திறந்த மூலம் என்கிறார்கள்.

பிழை சொல்வதற்கும் ஒரு முறை உண்டுங்க. "ஓடவில்லை" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற நாலையும் சொல்ல வேண்டும். மற்றவரும் செய்து பார்க்க ஒரு சிறு உதாரணமும் வேண்டும். திருத்தம் வந்ததும் இன்னொருவர் சரிபார்ப்பார். அதே பிழை மறுபடி தலைகாட்டாதிருக்க ஒரு சோதனையும் சேர்ப்பார்கள்.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும் ஒரு பிழை 15 ஆண்டுகள் காத்துக் கிடந்தது தெரியுமா?

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் வழக்கம் கணினியில் உண்டு. அதைப் பிரிக்கும் கருவி பைத்தானிலும் இருக்கிறது. தபாலில் வந்த மூட்டையை நாம் வாசலில் பிரிக்கிறோம். உள்ளிருந்த சாமான் தானே நடந்து அடுப்படிக்குப் போய், நம் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அந்தக் கருவியில் அப்படித்தான் நடக்க முடிந்தது. கெட்ட எண்ணத்தோடு கட்டிய மூட்டை, வேறு இடத்துக் கோப்புகளை அழித்து எழுதக்கூடும்.

2007இல் ஒருவர் இதைக் கண்டு முறைப்படி தெரிவித்தார். கருவி விதிப்படிதான் நடக்கிறது என்று முடிவு கட்டினார்கள். நம்பாத மூட்டையைப் பிரிக்காதீர்கள் என்று கையேட்டில் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதினார்கள். கையேட்டை எத்தனை பேர் படிக்கிறோம், சொல்லுங்கள்!

2022இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதே ஓட்டையைக் கண்டு, புதுப் பிழையென்றே முதலில் நினைத்தார்கள். ஏறத்தாழ 350,000 நிரல் தொகுப்புகளில் அது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. சட்டென மாற்றினால் பழைய நிரல்கள் பல கெட்டுவிடும் அல்லவா? அதனால் 2023இல் வந்த 3.12 பதிப்பில் காவலைச் சேர்த்து, அதைக் கேட்காதவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். 2025இல் வந்த 3.14 பதிப்பில், கேட்காமலே காவல் நிற்கும்படி செய்தார்கள்.

பெற்றோர்களே! "இது தப்பு" என்று பிள்ளை சொன்னால் வாயை அடக்காதீர்கள். எங்கே, எப்படி என்று கேளுங்கள். மாணவர்களே! தப்பைக் கண்டால் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். வேலைத்தளத்தில் உழைக்கும் தோழர்களே! பழுதைக் கண்டவர் சொல்வது பாதி வேலைதான். கேட்டவர் அதைச் சரிசெய்து முடிப்பதே மீதி வேலை.