பல்லவி யார் வீட்டுச் சொத்து?

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் குரலை இன்று யாரும் கேட்க முடியாது. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் கிராமபோன் தட்டில் பாடி ஊர் ஊராகப் பேர் வாங்கிய காலத்தில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவர் தட்டு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பெரிய பாடகரின் நாற்பத்தைந்து வருட வாழ்க்கை கேட்டவர்களின் காதோடு போய்விட்டது.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வந்தால் வரதராஜப் பெருமாளையும் பட்டையும் சொல்லிவிட்டு எல்லாரும் நிறுத்திக்கொள்வார்கள். இந்த ஊர் கர்நாடக இசைக்குக் கொடுத்த ஒரு விஷயம் உண்டு: கணக்கு. தாளத்தின் கணக்கு. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நயினாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. இசை வேளாளர் குடும்பம். தாய் காமாட்சி அம்மாள். தாயின் சகோதரி தனகோடி அம்மாள். காஞ்சிபுரம் தனகோடி என்றால் அந்தக் காலத்து ரசிகர்களுக்குத் தெரியும். அதாவது இவருக்குச் சங்கீதம் வந்தது பெண்கள் வழியாக. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள் இருப்பார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மாதிரியான லய சிங்கங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நடுவில் இருந்து பல்லவி பாடுவார். கொஞ்சம் சறுக்கினாலும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திருப்புகழைச் சிக்கலான தாளங்களில் மேடைக்குக் கொண்டுவந்து பரப்பியதும் அவர்தான்.

பல்லவி என்றால் என்ன? சங்கீதம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு வரி, அதைத் தாளத்தில் பொருத்தியிருப்பார்கள். வரியின் நடுவே 'அருதி' என்று ஓர் இடம் உண்டு. அது ஒவ்வொரு முறையும் தாளத்தில் குறித்த இடத்தில் வந்து விழ வேண்டும். பிறகு அந்த வரியை இரண்டாம் காலத்துக்கு ஏற்றுவார்கள், ஒரு ஆவர்த்தனத்துக்குள் இரண்டு தடவை வரும். மூன்றாம் காலத்தில் நான்கு தடவை. அடுத்து திஸ்ரம், மும்மூன்றாகப் பிரியும். கை மட்டும் மாறாமல் அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும். ராகமும் கெடக் கூடாது, சொல்லும் சிதையக் கூடாது.

எங்கள் தெருவில் இதை விளக்குவது சுலபம். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் ஓட்டி, இழையோடு இழை பூட்டுவதற்கு 'கோர்வை' என்று பெயர். மூன்று நாடா ஓடும். தறிக்காரர் மட்டும் போதாது, பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு பேர் கையும் ஒத்து வரவில்லையென்றால் சேலை அங்கேயே பல்லிளிக்கும். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தை முடிக்க வைக்கிற கணக்குக்கும் கோர்வை என்றுதான் பெயர். 'ரெண்டும் ஒண்ணுதாம்பா, இழை தப்பினா தெரிஞ்சுபோயிடும்' என்பார் எங்கள் பக்கத்துத் தறிக்காரர்.

இந்தக் கணக்கைப் பெண்களால் போட முடியாது என்று சங்கீத உலகம் நம்பியது. பெண் கிருதி பாடலாம், பதம் பாடலாம், ஜாவளி பாடலாம். பல்லவி ஆண் பிள்ளைகளின் சமாச்சாரம்.

1919-ல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்தார் பட்டம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் பக்கத்திலிருக்கும் தாமல். அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதர். அம்மா நன்றாகப் பாடுவார். ஆனால் வெளியே பாட அனுமதி கிடையாது. அந்த வீட்டுப் பெண் 1929-ல், பத்து வயதில், சென்னை வானொலியில் பாடினார். 1932-ல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. குருகுலவாசம் கிடையாது. கச்சேரிக்குப் போய்க் கேட்பார், வீட்டுக்கு வந்ததும் கேட்டதை எழுதிவைப்பார், தம்பிகளும் ஞாபகப்படுத்துவார்கள். அப்படிக் கேட்டதில் முக்கியமானது நயினாப் பிள்ளையின் பாட்டு. பிற்பாடு வித்யால நரசிம்மலு நாயுடுவிடம் பல்லவிகள் கற்றார். அப்பாதுரை ஆச்சாரியிடம் திருப்புகழ்.

அப்புறம் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடினார். 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வந்தது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் இவருக்கு வாசித்தார். ஒருத்தர் கணக்கில் நிற்கிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தக் காலத்தில் இல்லை. 1970-ல் சங்கீத கலாநிதி.

இங்கே கடல் தாண்டி ஓர் ஒப்பீடு. அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்று ஒரு பாடகி. ஆபெராவில் கான்ட்ரால்ட்டோ என்பார்கள், பெண் குரலில் மிகத் தாழ்ந்த வகை. பட்டம்மாளின் குரலும் கனமானது, தாழ்ந்த சுருதியில் நிற்பது. கறுப்பினத்தவர் என்பதால் ஆண்டர்சனுக்கு ஆபெரா மேடை மூடியிருந்தது. வேஷம் இல்லாமல் பியானோவோடு தனியாக நின்று பாடும் கலைப்பாடல் கச்சேரிகளிலேயே உலகப் புகழ் பெற்றார். 1939-ல் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆயிரக்கணக்கானவர்கள் முன் பாடினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெரா அவரை மேடையேற்றியது 1955 ஜனவரியில்தான். அப்போது அவருக்கு 57 வயது.

அதே 1939-ல்தான் பட்டம்மாள் 'தியாகபூமி' படத்தில் பாடினார். 1947-ல் 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்கள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. இரண்டு பேருமே, பெரிய கலை என்று சொல்லப்பட்ட ஒன்றிலிருந்து பிறப்பின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டவர்கள். ஆனால் ஒப்பீடு இதற்கு மேல் போகாது. ஏன் என்று பார்க்க வேண்டும்.

பட்டம்மாள் பெண் என்பதால் தள்ளிவைக்கப்பட்டார். சாதியால் அல்ல. அவர் மேடை ஏறிய அதே வருஷங்களில் வேறொரு கூட்டம் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தனகோடி அம்மாள் மாதிரியான தேவதாசி குலப் பெண்கள்தான் நூற்றாண்டுக்கணக்கில் பொதுவெளியில் பாடிவந்தவர்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். எத்தனையோ சிறுமிகளைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பெண்களின் தொழிலோடு சேர்த்து அவர்களின் சங்கீதத்தையும் ஊர் அவமானமாகப் பார்க்க ஆரம்பித்தது. அதே பாட்டு 'குடும்பப் பெண்' பாடினால் கௌரவமானது.

இதனால் பட்டம்மாள் சாதித்தது ஒரு குந்துமணியும் குறையாது. மூன்றாம் காலத்தில் அருதி வந்து விழ வேண்டிய இடத்தில் விழ, சாதி உதவி செய்யாது. கையும் தொண்டையும்தான் செய்ய வேண்டும். அவர் செய்தார். நான் கேட்பதெல்லாம், 'முதல் பெண்' என்று எழுதும்போது அந்தக் கணக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான். பெண்கள் வழியாக நயினாப் பிள்ளைக்கு வந்தது, அவரிடமிருந்து மறுபடி பெண்களுக்கே போனது. வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தாவும் நயினாப் பிள்ளையிடம் நேரில் கற்றவர். 1976-ல் சங்கீத கலாநிதி ஆனார். ஆண் சீடர்களில் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பெரிய பெயர். ஆனால் பெண்ணுக்குப் பல்லவி வராது என்ற பேச்சை உடைத்தது காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி.

பட்டம்மாள் 2009 ஜூலையில் காலமானார். அவருடைய பல்லவிகள் பதிவில் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுத் தாளம் தட்டிக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் காலம் வரைக்கும் கூட வந்துவிடலாம். திஸ்ரம் வரும்போது உங்கள் கை தடுமாறும், அவருடைய குரல் தடுமாறாது. தட்டில் பதியாமல் போன ஒரு மனிதரின் பாட்டில் நமக்கு மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அது கொஞ்சம் இல்லை.