ஸ்பிரிங்பேங்க் வடிசாலை

ஸ்பிரிங்பேங்க் வடிசாலை என்பது ஸ்காட்லாந்தின் கின்டயர் தீபகற்பத்தில், கேம்பெல்டவுன் நகரில் அமைந்துள்ள விஸ்கி வடிசாலை ஆகும். 1828 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இது 1837 இல் மிட்செல் குடும்பத்தின் கைக்கு வந்தது. தானியத்தை முளைக்க வைப்பது முதல் புட்டியில் அடைப்பது வரையிலான பணிகள் அனைத்தும் இதன் வளாகத்திலேயே நடைபெறுகின்றன.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டில் கேம்பெல்டவுனில் முப்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இயங்கின. தரக்குறைவு, பொருளாதார மந்தம், அமெரிக்க மதுவிலக்கு (1920-1933) ஆகியவற்றால் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1930களின் நடுப்பகுதியில் ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோசியா ஆகிய இரண்டே எஞ்சின. ஸ்பிரிங்பேங்கிலும் 1979 முதல் 1987 வரை உற்பத்தி பெரும்பாலும் நின்றிருந்தது. பின்னர் மீண்ட இந்நிறுவனம், 1925 இல் மூடப்பட்ட கிளென்கைல் வடிசாலையை வாங்கி 2004 இல் மீண்டும் இயக்கியது. மிட்செல் வழித்தோன்றலும் நீண்டகால உரிமையாளருமான ஹெட்லி ரைட் 2023 இல் காலமானார்.

மால்ட் ஆக்கல்

நீரில் ஊறவைத்த வாற்கோதுமை தரையில் பரப்பப்பட்டு முளைக்க விடப்படுகிறது. முளைக்கும் தானியம் வெப்பத்தை வெளியிடும். வேர்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எனவே பணியாளர்கள் அதனை இரவு பகலாகப் புரட்டிவிடுகின்றனர். பெரும்பாலான வடிசாலைகள் இம்முறையைக் கைவிட்டு, ஆலைகளில் ஆக்கப்பட்ட மால்ட்டை வாங்குகின்றன. ஸ்பிரிங்பேங்கும் 1960 இல் இதனை நிறுத்தி, 1992 இல் மீண்டும் தொடங்கியது. தனக்குத் தேவையான மால்ட் முழுவதையும் இன்று தானே ஆக்கிக்கொள்கிறது.

முளைத்த தானியம் சூளையில் உலர்த்தப்படுகிறது. பீட் எனப்படும் முற்றா நிலக்கரியின் புகையை எவ்வளவு நேரம் ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சுவை மாறுபடும்.

இரண்டரை முறை வடித்தல்

அரைத்த மால்ட்டை வெந்நீரில் கலந்து பெறும் இனிப்பு நீர், ஈஸ்ட் எனப்படும் மதுவம் சேர்த்து மரத்தொட்டிகளில் நொதிக்க விடப்படுகிறது. பின்னர் மூன்று செப்பு வடிகலன்களில் வடித்தல் நடைபெறுகிறது. முதற் கலனில் கிடைக்கும் வடிநீரின் ஒரு பகுதி மட்டும் இரண்டாம் கலனில் மீண்டும் வடிக்கப்படுகிறது. மூன்றாம் கலனில் இடப்படும் கலவையில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாறு இருமுறை வடித்தது. 20 விழுக்காடு ஒருமுறை மட்டும் வடித்தது. எனவே இறுதி வடிநீரில் ஒரு பங்கு இருமுறையும் மற்றது மும்முறையும் வடிக்கப்பட்டதாகிறது. இதுவே "இரண்டரை முறை" எனப்படுகிறது.

வகைகள்

- ஸ்பிரிங்பேங்க்: மிதமான புகைச்சுவை, இரண்டரை முறை வடித்தது.
- லாங்ரோ: மிகுந்த புகைச்சுவை, இருமுறை வடித்தது. 1973 இல் முதலில் வடிக்கப்பட்டது.
- ஹேசல்பர்ன்: பீட் புகை ஏற்றப்படாதது, மும்முறை வடித்தது. 1997 இல் முதலில் வடிக்கப்பட்டது.

முதிர்வித்தல்

ஸ்காட்லாந்து விஸ்கி ஓக் மரப்பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும் என்பது சட்டம். ஸ்பிரிங்பேங்கின் முதன்மை வகை 10 ஆண்டுகள் முதிர்ந்தது. நிறமூட்டியோ குளிரூட்டி வடிகட்டலோ பயன்படுத்தப்படுவதில்லை.

முக்கியத்துவம்

இம்முறைகளுக்கு ஆட்களும் காலமும் மிகுதியாகத் தேவை. ஆகவே உற்பத்தி அளவு குறைவு. ஆனால் இயந்திரங்கள் செய்யக்கூடிய பணிகளை மனிதர்களிடமே விட்டிருப்பதால், தொழில்கள் பல நலிந்துபோன இச்சிறு நகருக்கு இவ்வடிசாலை வேலைவாய்ப்பைத் தருகிறது. 2009 ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகளில் கேம்பெல்டவுன் தனி விஸ்கிப் பகுதியாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது.