உள்தாழ்ப்பாள்

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் கல்லூரி விழாக்களுக்கு வரும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஒரு கதையைத் தவறாமல் சொல்வார்கள்: பல கோடி விந்தணுக்களை ஓட்டத்தில் தோற்கடித்து வந்தவன் நீ. கைதட்டுகிறவர்களில் நூற்பாலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகளும் உண்டு. அந்தக் கதையில் முட்டைக்கு வேலையே இல்லை. வெற்றிக்கோடு போலச் சும்மா கிடக்கும்.

கதை பழையது. ஆணிடம் விதை, பெண்ணிடம் நிலம் என்று நம் ஊரிலும் சொன்னார்கள், ஐரோப்பாவிலும் சொன்னார்கள். பாலூட்டிக்கு முட்டை உண்டு என்பதையே 1827இல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் ஒரு நாயின் உடலில் கண்டறிந்தார். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு உட்கருக்கள் இணைவதைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஹெர்மன் ஃபோல், நட்சத்திர மீனின் முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணு நுழைவதையும், உடனே முட்டையைச் சுற்றி ஓர் உறை எழுவதையும் கண்டார்.

அந்த உறை எழும் முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது என்று 1919இல் எழுதியவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். விந்தணு தொட்ட இடத்திலிருந்து முட்டையின் மேற்பரப்பு முழுவதும் ஒரு மாற்றம் அலைபோலப் பரவுகிறது. அதன்பின் வேறு விந்தணு நுழைய முடிவதில்லை. முட்டையின் மேற்பரப்பு தானே செயல்படுகிறது என்று வாதிட்ட ஜஸ்ட், கறுப்பினத்தவர் என்பதால் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் இடம் தராத ஆய்வாளர்.

பாலூட்டிகளில் இதே வேலையை முட்டையின் வெளியுறையான சோனா பெலுசிடா செய்வதை 1954இல் பிராடன், ஆஸ்டின், டேவிட் ஆகியோர் விளக்கினார்கள். விந்தணு இணைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை எழுகிறது. சவ்வின் அடியில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துகள்கள் வெடித்துத் தம் சரக்கை வெளியே கொட்டுகின்றன. அதிலுள்ள ஓவாஸ்டாசின் என்ற நொதி, உறையில் விந்தணு பற்றும் புரதத்தை வெட்டிவிடுகிறது. உறை இறுகுகிறது. உட்சவ்விலும் ஒரு காவல் உண்டு: விந்தணுவை ஏற்கும் ஜூனோ என்ற புரதத்தை, கருவுற்ற ஏறத்தாழ 40 நிமிடங்களில் முட்டை உதிர்த்துவிடுகிறது. இது 2014இல் தெரியவந்தது. திண்டுக்கல் பூட்டு வெளியே நின்று போடுவது. இது உள்ளே இருப்பவள் போட்டுக்கொள்ளும் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் விழாமல் இரண்டாவது விந்தணுவும் நுழைந்தால் 46 குரோமோசோம்களுக்குப் பதில் 69 ஆகிவிடும். அத்தகைய கருக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கலைந்துவிடும்.

மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் அமெரிக்கப் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்து, விந்தணுவுக்கு வீரனின் வினைச்சொற்களும், முட்டைக்குக் காத்திருக்கும் பெண்ணின் வினைச்சொற்களும் தரப்பட்டிருப்பதைக் காட்டினார். தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் ஒரு வருத்தம். ‘கருவுறுதல்’ என்ற நம் சொல்லில் எழுவாய் பெண்தான். நாமோ அதை விட்டுவிட்டு ‘கருவுறச் செய்யப்படுகிறது’ என்று எழுதக் கற்றுக்கொண்டோம்.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் கருத்தரிப்பு மையம் தேடிப் பேருந்து ஏறும் பெண்கள் இருக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் முட்டையையும் விந்தணுக்களையும் சேர்த்த மறுநாள் காலை, கருவியலாளர் நுண்ணோக்கியில் உட்கருக்களை எண்ணுவார். இரண்டு இருந்தால் கரு. மூன்று இருந்தால் பெரும்பாலும் இரண்டு விந்தணுக்கள் நுழைந்ததாகப் பொருள், ஒதுக்கிவிடுவார்கள். உடலுக்குள் முட்டையின் பக்கம் வந்து சேர்பவை சில நூறு விந்தணுக்கள்கூட இருக்காது. தட்டிலோ ஆயிரக்கணக்கில் மொய்க்கின்றன. சில நேரம் முட்டை முழுதாக முதிர்ந்திருக்காது. காரணம் எதுவானாலும், வீட்டுக்குத் திரும்பும்போது அது ஒரே வாக்கியமாகிவிடுகிறது: “இவ முட்டைதான் சரியில்லையாம்.” அடுத்து வருகிற சொல் ‘மலடி’.

வென்றால் ஓடியவனின் பெருமை, தோற்றால் கிடந்தவளின் குறை. இந்தக் கணக்கு எந்த நுண்ணோக்கியிலும் தெரிந்ததல்ல. அடுத்த விழா மேடையில் யாராவது அந்த ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கினால், கீழே இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்க வேண்டும்: “ஒருத்தரை உள்ளே விட்டுட்டு மத்தவங்களுக்குக் கதவைச் சாத்துனது யாரு சார்?”